கோலிக்குப் பக்கத்தில் ஒரு கேமரா

கல்யாணப் படம் எடுக்கிறவளுக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: "இன்னொரு தடவ." மோதிரம் போடுவது இன்னொரு தடவ, கேக் ஊட்டுவது இன்னொரு தடவ, அழுகை வராத பெண்ணை அழவைப்பதும் இன்னொரு தடவ. இரணியல் பக்கம் ஸ்டுடியோ வைத்து இத்தனை வருஷம் இந்த மந்திரத்தில்தான் சோறு தின்றேன். கழுத்தில் கேமராவும் தோளில் வலியுமாக அலைகிற என் இனத்தாரே, இந்த மந்திரம் பலிக்காத இடம் ஒன்று உண்டு. அது ஃபுட்பால் கிரவுண்டு.

ஒரே ஒரு படம்

நான் பிறந்தது கடற்கரையில். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் சாமியார் சொன்ன பிரசங்கத்தைவிட நேற்று விழுந்த கோலைப் பற்றித்தான் பேச்சு அதிகம். அப்படிப்பட்டவளுக்கு ஒரு காலேஜிலிருந்து விளையாட்டு மாஸ்டர் போன் போட்டு, "ஃபைனல் மேட்ச், கோட்டுப் பக்கத்துல இருந்து எடுக்கணும், வாறியா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்! போனைக் கீழே போடாததே பெரிய விஷயம். வழக்கமாக வருகிற போட்டோகிராபருக்கு அன்றைக்கு வேறு வேலையாம். காலேஜ் வாசலில் பெரிய பேனர் வைக்கப் போகிறார்கள், அதற்குப் படம் வேண்டும்.

நான் மூச்சுவிடாமல் சரி சரி என்றேன். மாஸ்டர் நிதானமாகச் சொன்னார்: "பேனருக்கு ஏத்த படம் ஒண்ணு கிடைச்சா இந்த வருஷத்து மேட்ச் எல்லாம் உனக்கு. கிடைக்கலேன்னா, மக்களே, நீ பேசாம மண்டபத்துக்கே போயிரு."

ஒத்திகை

மணப்பெண் ஓட மாட்டாள். ஓடினாலும் புடவை தடுக்கும். ஓடுகிற ஆளைப் பின்தொடர்ந்து எடுத்துப் பழக வேண்டுமே, என்ன செய்ய? வீட்டு முற்றத்தில் மாமியின் கோழிகள் நின்றன. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு கையால் அரிசியை வீசுவேன், அதுகள் பாயும்போது மற்றக் கையால் கிளிக் கிளிக் என்று அடிப்பேன். முதலில் வாலாக வந்தது. அப்புறம் இறக்கை. கடைசியில் ஒரு சேவலின் கண்ணைத் துல்லியமாகப் பிடித்தபோது நான் போட்ட கூச்சலில் கோழியெல்லாம் மதிலேறிவிட்டது.

மாமி அடுக்களை வாசலில் நின்று வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஏட்டி ஷைனி, கோழிக்குக் கல்யாணம் வச்சிருக்கிய விஷயத்த எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

எங்கே உட்காருவது

மேட்சுக்கு முந்தின நாள் கிரவுண்டைப் பார்க்கப் போனேன். பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். நான் ஒரு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் குந்தி வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலேஜ் டீமின் கோலி, கோல் காக்கிற அஜின் வந்தான். மண்டைக்காடு பக்கத்துப் பையன், கைகள் துடுப்பு மாதிரி நீளம். "அக்கா, நாளைக்கு எங்க இருப்பீங்க?" என்று கேட்டான். எங்கே இருந்தால் என்னப்பா என்றேன். அவன் முகமே மாறிவிட்டது.

போட்டோகிராபர் எந்த கோலுக்குப் பக்கத்தில் உட்காருகிறாரோ அந்தப் பக்கம்தான் கோல் விழும் என்று அர்த்தமாம். கூட்டம் முழுக்க அதைத்தான் முதலில் பார்க்குமாம். போன வருஷம் ஒருத்தர் இவன் பக்கத்தில் உட்கார்ந்தார், இவன் தோற்றான், ஊரே அவரைக் காட்டிப் பேசியது. எதிர் டீம் கோல் பக்கம்தான் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்படியும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "தப்பா நினைக்காதீங்க அக்கா. எனக்கப் பக்கத்துல வந்து இருந்தீங்கன்னா, பந்துக்கு முன்னால ஒங்களத்தான் வெளிய அடிப்பேன்."

உட்காரப் பலகை

காலையில் வேளிமலை மேல் கறுத்துக்கொண்டு வந்தது. கல்யாணப் புடவை வந்த பிளாஸ்டிக் உறையை வெட்டி லென்சுக்குச் சட்டை தைத்தேன். ஈரத்தரையில் உட்கார ஏதாவது வேண்டுமே என்றதும் மீன் வியாபாரம் பார்க்கும் என் வீட்டுக்காரர் ராபின் ஒரு தெர்மோகோல் பெட்டி மூடியைக் கொண்டுவந்தார். அருமையான பலகை. வாசம்தான் நெத்திலி.

பார்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர் சொன்னது: "படம் வருதோ இல்லியோ, உனக்கப் பின்னால பூனை வரும்."

முதல் பாதி

மழை வரவில்லை, சுள்ளென்று வெயில் வந்தது. விசில் ஊதியதும் என் நெஞ்சு அடித்த அடி இருக்கிறதே! பந்தை உதைக்கிற சத்தம் அவ்வளவு பக்கத்தில் கேட்டு எத்தனை வருஷமாச்சு. வாக்குத் தவறாமல் எதிர் டீம் கோலுக்குப் பக்கத்தில் மூடியைப் போட்டு உட்கார்ந்தேன்.

ஆனால் பந்து வரணுமே! எங்கள் பையன்கள் மொத்தப் பேரும் அந்தக் கோடியில் அஜினைச் சுற்றி நின்று தடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கேமராவில் இருந்ததெல்லாம் எதிர் டீம் கோலி கொட்டாவி விட்ட படம்தான். கடைசியில் அவனுக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது. "போரடிக்குதா அக்கா? வேணும்னா என்னைய ஒண்ணு எடுங்க."

இரண்டாம் பாதி

இப்போது டீம்கள் பக்கம் மாறும். அஜின் என் பக்கத்து கோலுக்கு வருவான். வாக்குப்படி நான் மூடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கோடிக்கு ஓட வேண்டும். ஆனால் அங்கே போனால் சாயங்கால வெயில் நேராக லென்சில் அடிக்கும். அதோடு, பந்து கிடந்து உருளப் போவது இந்தப் பக்கம்தான் என்று குருடனுக்கும் தெரியும். வாக்கா, படமா? நான் எழும்பவில்லை. "அக்கா!" என்றான் அஜின். "மக்கா, நீ கோல் வாங்கியத எடுக்க இருக்கல்ல. நீ பிடிக்கியத எடுக்க இருக்கேன்" என்றேன். அவன் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடியில் எங்கள் பையன்கள் கோல் போட்டுவிட்டார்கள்! கிரவுண்டே குலுங்கியது. எனக்குக் கிடைத்தது எறும்பு அளவில் நாலைந்து முதுகு. எதிர்ப் பக்கம் நின்ற மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். போச்சு, இனி மண்டபம்தான் கதி.

ஆட்டம் முடியப் போகிற சமயம் எதிர் டீமுக்குப் பெனால்டி. அஜின் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினேன். எதிர் டீம் பையன் ஓடிவந்து அடித்தான், அஜின் என் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் பறந்தான், விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்துக்கு வெளியே போனது. கடைசி விசில் ஊதினதும் நான் போட்ட சத்தம் எங்கள் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், அதில் என்ன வெட்கம்? கூட்டம் தோளில் தூக்க வந்தபோது அஜின் அவர்களை விலக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் மண்ணாக, என்னிடம் வந்து மூச்சிரைக்கக் கேட்டான்: "அக்கா, கிடைச்சா?"

வாசலில்

கிடைத்தது. அடித்தவன் வாய் பிளந்து நிற்கிறான், நடுவில் பந்து, அதைத் தொடும் விரல்கள், அந்தரத்தில் நீட்டி நிமிர்ந்த ஒரு உடம்பு. மாஸ்டர் படத்தைப் பார்த்த கையோடு வருஷத்து மேட்ச் விவரத்தை என் போனுக்கு அனுப்பினார். காலேஜ் வாசலில் பேனர் ஏறியது. ஒரே ஒரு குறை. எதிர்ப் பக்கம் பாய்ந்ததால் அஜினின் முகம் தெரியவில்லை, முதுகும் பூட்சும்தான் தெரிகிறது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேனர் பார்க்கப் போனவன் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டான்: "எங்கம்மைக்கு எதிராளிக்க முகம் மனப்பாடம் ஆயிட்டு அக்கா. எனக்க முகம் எப்ப வரும்?"

மாப்பிள்ளை முகமே இல்லாமல் கல்யாணப் படம் எடுத்திருந்தால் மண்டபத்தில் வைத்தே என் தோலை உரித்திருப்பார்கள், இங்கே அதைப் பெரிசாக்கி வாசலில் தொங்கவிட்டு எனக்குக் கைகொடுக்கிறார்கள்.