மூன்றாவது வேண்டாம்

ரெனே ஸ்கோகன் வாழ்க்கையில் கோட்டைவிட்டது எல்லாமே "ஐயோ, எனக்கெதுக்கு, வேண்டாம்" என்ற ஒரே பேச்சால்தான். அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், ஏரிக்கரைக் குளிரில் கிடக்கும் எங்கள் துலூத் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவையும் கேட்டால், "இவ்வளவு சொல்றீங்க, சரி, பாதி கப் குடுங்க" என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே "ஆமாம், கொடுங்க" என்று கை நீட்டுகிறவரை நாங்கள் எதுவும் சொல்லிவிட மாட்டோம். வீட்டுக்குப் போய்ச் சொல்வோம்.

இளம் வயதில் ரெனே ஏரிக்கரைச் சாலையில் ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரம் விற்கும் ஒரு கடையில் பரிமாறிக்கொண்டிருந்தாள். முதலாளி சிகாகோக்காரர். ஓய்வு எடுக்கப் போகிறேன், கடையை நீ எடுத்து நடத்துகிறாயா என்று கேட்டார். இவளுக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. வாய் மட்டும் "ஐயோ, எனக்கெதுக்கு" என்றது. அவர் சரி என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே வேறொருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். பாவி மனுஷன், இன்னும் இரண்டே தடவை கேட்டிருக்கக் கூடாதா! அந்தச் சாலையில் போகும்போது ரெனே இன்றைக்கும் கடை இருக்கும் பக்கம் திரும்பமாட்டாள்.

பிறகு வேலைக்குப் போய்க்கொண்டே மனோதத்துவம் படித்தாள். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. துறைமுகக் கால்வாய் பக்கத்தில் ஒரு சின்ன ரோபோ கம்பெனியில், ரோபோக்களுக்கு நாகரிகம் பழக்குகிற வேலை. ஒருவர் அழுதுகொண்டிருந்தால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், இரண்டு பேர் பேசும்போது எப்போது குறுக்கே போகலாம், எப்போது வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவு செய்வது. எஞ்சினியர்கள் உடம்பைச் செய்வார்கள், இவள் குணத்தைச் செய்வாள். ஆனாலும் கம்பெனியில் அவள் பெயருக்கு முன்னால் இன்னும் 'உதவி' என்றுதான் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. ஓலே என்று ஒரு ரோபோ. இடுப்பு உயரம், உருண்டை முகம், இரண்டு விளக்குக் கண், முன்னால் ஒரு தட்டு, அதில் அழுத்தினால் ஊற்றும் ஒரு பிளாஸ்க். முதியோர் இல்லத்தில் காபி கொடுப்பதற்காகச் செய்தது. இல்லத்தில் வெள்ளோட்டம் நன்றாக முடிந்தால் ஓலேக்கென்று ஒரு குழு அமைத்து, அதற்கு ஒரு தலைவரைப் போடுவேன் என்று முதலாளி ட்ரெவர் சொல்லியிருந்தார். அந்த இடம் ரெனேவுக்கு வேண்டும். அவ்வளவு ஆசை! ஒருநாள் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, "எனக்கு வேணும்" என்று சத்தமாகச் சொல்லியே பார்த்தாள். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

வெள்ளோட்டத்தின் முதல் நாள் ஓலே சாப்பாட்டு அறைக்குள் உருண்டு வந்தது. இல்லத்தில் மூத்தவர் மார்லிஸ். காபி இல்லாமல் அவருக்குப் பொழுதே விடியாது. ஓலே நேராக அவரிடம் போய், "காபி தரட்டுமா?" என்றது.

"ஐயய்யோ, வேண்டாம்பா" என்றார் மார்லிஸ், கப்பை லேசாக முன்னால் நகர்த்திக்கொண்டே.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு ஓலே அடுத்த மேஜைக்குப் போய்விட்டது.

மார்லிஸின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஓலே அறை முழுக்கச் சுற்றியது. எல்லோரும் வேண்டாம் என்றார்கள், எல்லாரிடமும் அது சரி என்றது. போன பிளாஸ்க் அப்படியே நிறைந்து திரும்பி வந்தது. எப்படி இருந்தது என்று ரெனே கேட்டபோது அத்தனை பேரும் ஒரே குரலில், "தங்கமான பிள்ளை, ஒரு குறையும் இல்ல" என்றார்கள். காபி கிடைக்கவில்லை என்று ஒருத்தர் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே! ஒரு வாரம் இப்படியே போனது. கலிஃபோர்னியாவிலிருந்து ட்ரெவர் போன் பண்ணி, "அங்க யாரும் காபியே குடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். துலூத்தில், ஜனவரியில்!

ராமிரோ தலையில் அடித்துக்கொண்டான். ஓலேயின் மூளையை எழுதியவன் அவன், டெக்சாஸ்காரன். அவன் வீட்டில் பசித்தால் பசிக்கிறது என்பார்கள்.

"வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே ரெனே? உங்க ஊர் ஆளுங்களுக்கு என்னதான் பிரச்சனை?"

"மூணு தடவை கேக்கணும்பா."

"அவ்வளவுதானே?" என்று அவன் மறுநாளே மாற்றிக்கொண்டு வந்தான்.

அது கூத்தாகிவிட்டது. "காபி தரட்டுமா?" என்று கேட்டது ஓலே. வேண்டாம் என்றார்கள். "காபி தரட்டுமா?" வேண்டாம். "காபி தரட்டுமா?" என்று விளக்குக் கண்ணை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை கேட்டதும், மார்லிஸ் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். "நான் ஒண்ணும் பண்ணலப்பா, என்னை விட்டுடு!" பக்கத்து மேஜையில் டெல்மர் என்ற பெரியவருக்கு வயிற்றில் புண். காபி அவருக்கு நிஜமாகவே ஆகாது. அவரிடமும் மூன்று தடவை கேட்டதில், அவர் எழுந்து தன் அறைக்கே போய்விட்டார்.

"பாத்தீங்களா?" என்றான் ராமிரோ. "வேண்டாம்னு ஒருத்தர் சொன்ன பிறகும் மல்லுக்கு நிக்கிற மெஷின நான் செய்யமாட்டேன். இன்னிக்குக் காபி, நாளைக்கு வேற எதாவது. மெஷின்னா வேண்டாம்னா நிக்கணும்."

"நூத்துக்கு நூறு சரி" என்றாள் ரெனே. சண்டைக்கு வந்தவன் ஏமாந்துபோனான். "ஆனா நின்னா மார்லிஸுக்குக் காபி கிடைக்கல. நிக்கணும், கிடைக்கவும் கிடைக்கணும். அதுக்கு ஒரு வழி இருக்கு, எனக்குத்தான் இன்னும் தெரியல."

அதன்பிறகு அவள் ஓலேயை ஓரமாக நிறுத்திவிட்டு, சாப்பாட்டு அறை மூலையில் உட்கார்ந்து மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று எலுமிச்சை கேக் செய்திருந்தார்கள். தட்டில் கடைசித் துண்டு. கடைசித் துண்டை எங்கள் ஊரில் யாரும் எடுக்கமாட்டார்கள், அது பெரிய அசிங்கம். ஒருவர் அதைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டார். அடுத்தவர் மீதியில் பாதி. அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கடைசியில் நகத்தளவு ஒரு துண்டு தட்டில் கிடக்க, அத்தனை பேரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வெளியே பனி தள்ளும் வண்டி பெரிய சத்தத்தோடு போனது. எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். மறுபடி மேஜையைப் பார்த்தபோது தட்டு காலி. மார்லிஸின் உதட்டோரம் பொடிச் சர்க்கரை.

ரெனே நாற்காலி கீழே விழ எழுந்தாள். "ராமிரோ! ராமிரோ!" என்று தாழ்வாரத்தில் ஓடினாள். ஐம்பது வயதுக்கு மேல் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. "பாக்குறதுதான்பா பிரச்சனை! எத்தனை தடவை கேக்குறோம்ங்கறதே இல்ல. நம்ம கண்ணு அவங்க மேல இருக்கிற வரைக்கும் அவங்களால ஆசைப்பட முடியாது. மூணு தடவை கேக்குறதே எதுக்கு? ஆசைப்பட்டது நான் இல்ல, நீதான் தொல்லை பண்ணுனன்னு காட்டுறதுக்கு. அந்தக் கண்ணை எடுத்துட்டா?"

"மெதுவா, மெதுவா. கண்ணை எப்படி எடுக்குறது?"

"முகத்தைத் திருப்பணும்! ஒரே ஒரு தடவை கேக்கட்டும். வேண்டாம்னு சொன்னா வற்புறுத்தக் கூடாது, ஓடவும் கூடாது. பிளாஸ்க்கை கை எட்டுற தூரத்துல வச்சுக்கிட்டு, அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியப் பாக்கட்டும். வேணுங்கறவங்க தானா ஊத்திக்குவாங்க. வேணாம்னா சும்மா இருப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அது பாட்டுக்குப் போயிடட்டும்."

 "அட!" என்றான் ராமிரோ. இருவரும் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு உட்கார்ந்தார்கள். தலை எவ்வளவு மெல்லத் திரும்ப வேண்டும் என்பதற்கே பெரிய சண்டை. சட்டென்று திருப்பினால் கோபித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கண் விளக்கைக் கொஞ்சம் மங்கவிட்டதும்தான் நிஜமாகவே ஏரியை ரசிக்கிற முகம் வந்தது. ஒரு குறை மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் யார் யாரிடம் வேண்டாம் என்று சொன்னாலும், தன்னிடம்தான் சொன்னார்கள் என்று நினைத்து ஓலே ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். நர்ஸ் மாத்திரை நீட்ட, டெல்மர் வேண்டாம் என்றபோதும் திரும்பியது. அதை அப்புறம் சரி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

கடைசி நாள் ட்ரெவரே விமானம் ஏறி வந்துவிட்டார். ரெனேவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஓலே மார்லிஸிடம் போனது. "காபி தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்பா."

ஓலே நின்றது. தலை மெல்ல, மெல்ல ஏரிப் பக்கம் திரும்பியது.  மார்லிஸ் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். கை மேஜைமேல் ஊர்ந்து போய் பிளாஸ்க்கை அழுத்தியது. கப் நிறைந்தது! ராமிரோ ரெனேவின் தோளைப் பிடித்து உலுக்கினான். அடுத்த மேஜை, அதற்கடுத்த மேஜை, எல்லா இடத்திலும் கைகள் ஊர்ந்தன. டெல்மர் தன் கப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். ஓலே கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துவிட்டு அவரை விட்டு நகர்ந்தது. பிளாஸ்க்கை இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருந்தது.

"நல்லா வளத்திருக்கீங்கம்மா பிள்ளைய" என்றார் மார்லிஸ் ரெனேவிடம். "நம்ம ஏரிய இப்படி ஆசையாப் பாக்குற பிள்ளைய நான் கண்டதே இல்ல."

ட்ரெவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அத்தனை பேர் நடுவிலும் நின்று சத்தமாகக் கேட்டார். "ரெனே, பிரமாதம்! ஓலே குழுவுக்கு நீங்களே தலைமை ஏத்துக்கறீங்களா?"

உள்ளே அதே பழைய பட்டாசு. வெளியே அதே பழைய வாய். "ஐயோ, எனக்கெதுக்கு, வேண்டாம். ராமிரோ சின்ன வயசு, அவன் நல்லா பண்ணுவான்."

"அப்படியா? சரி, உங்க விருப்பம்" என்றார் ட்ரெவர். கலிஃபோர்னியாக்காரர், ஒரு தடவைதான் கேட்பார். "அப்ப ராமிரோ, நீ என்ன சொல்றே?"

 மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டார். ரெனே தரையைப் பார்த்தாள். ஆப்பிள் பை கடையின் சாவி இன்னொரு தடவை கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது, அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். 

ராமிரோ சரி என்று சொல்ல வாயெடுத்தான். அவன் ஊரில் முதல் தடவையே சொல்லலாம், தப்பில்லை. அப்போதுதான் அவன் ஓலேயைப் பார்த்தான். ரெனேவின் பக்கத்தில் நின்றிருந்த ஓலே, அவள் சொன்ன 'வேண்டாம்' என்பதைக் கேட்டுவிட்டு, தலையை மெல்லத் திருப்பி, கண்ணை மங்கவிட்டு ஏரியைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது.

"ட்ரெவர்" என்றான் ராமிரோ, "இங்க கொஞ்சம் வாங்களேன். ஏரியில பனி உடையுது பாருங்க."

"எங்க?"

"அதோ. இன்னும் தள்ளி." தோளைப் பிடித்து முதலாளியை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு, தானும் திரும்பி நின்றுகொண்டான்.

மார்லிஸ் தன் நாற்காலியைக் கரகரவென்று இழுத்து ஜன்னல் பக்கம் போட்டார். பிறகு டெல்மர். பிறகு எல்லோரும், ஒருவர் பின் ஒருவராக. ரெனே தலை நிமிர்ந்தபோது அறையில் அவளைப் பார்த்து ஒரு முகம்கூட இல்லை. நரைத்த பின்மண்டைகள், ஒரு வழுக்கை, ஓலேயின் உருண்டைத் தலை. யாரும் திரும்பவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

"எனக்கு வேணும்" என்றாள் ரெனே.

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. காருக்குள் சொன்னதைவிடப் பெரிய குரல்.

"என்ன சொன்னீங்க?" என்று ட்ரெவர் திரும்ப முயன்றார். ராமிரோ அவர் தோளை விடவில்லை.

"தலைமை. ஓலே குழுவோட தலைமை எனக்கு வேணும். என்னாலதான் முடியும்."

"அப்படின்னா உங்களுக்குத்தான்" என்றார் ட்ரெவர், ஜன்னலைப் பார்த்தபடியே, ஒன்றும் புரியாமல்.

மார்லிஸும் ஏரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏம்மா ரெனே, பாதி கப்பா, முழு கப்பா?"

"முழு கப்" என்றாள் ரெனே.