கேமரா போகாத பின்பக்கம்

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்தை நினைத்தால், முதலில் மேனேஜரின் சுட்டுவிரல்தான் ஞாபகம் வருகிறது. என் திரையில் இருக்கும் வீட்டின் மேல் டொக் டொக்கென்று தட்டி, "இது எதுக்கு? கேமரா அங்க போவுதா? தூக்கு" என்பார். கட்டப்போகும் வீடுகளை முப்பரிமாண மாதிரியாகச் செய்து, வெளிநாட்டில் இருப்பவர்கள் போனில் சுற்றிப் பார்க்க அனுப்புவது எங்கள் தொழில். மாதிரிக்குள் கேமரா போக நாங்கள் வைத்த வழியில் இருப்பது மட்டும்தான் அவர்கள் கண்ணில் படும். கணினியில் ஒரு வீடு ஆயிரமாயிரம் சின்ன முக்கோணங்களால் ஆனது. அவை கூடினால் போன் திணறும். அதனால் கண்ணில் படாததை அழித்து எடையைக் குறைப்போம். அதில் தவறில்லை. கண்ணில் படாததெல்லாம் வேண்டாதது என்று அந்த மனிதர் முடிவு கட்டினாரே, அதில்தான் என் வயிறு எரிகிறது.

துபாயில் இருந்த கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் தன் அம்மாவுக்காக வீடு கட்டினார். அம்மாவுக்குக் கால் இரண்டும் வராது. சக்கர நாற்காலியைக் கையால் தள்ளிக்கொண்டு தானே நடமாடுவார். வரைபடம் முடிந்த பிறகு பாய் போனில் கூப்பிட்டு, பின்பக்கம் அகலமான கதவும் சாய்தளமும் கேட்டார். மாதிரியில் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். அது பாயின் போனில் திறக்க நேரமானது. உடனே, கேமரா போகாத பின்பக்கத்தையே மொட்டைச் சுவராக்கச் சொன்னார் மேனேஜர். அதைத் தனிக் கோப்பாக்கி, 'பார்க்க மட்டும்' என்று பெயரும் வைத்தேன். "மேஸ்திரிக்கு முழுசுதான் அனுப்பணும் சார்" என்று வாயாலும் சொன்னேன். "எனக்குத் தெரியும், நீ ஜல்தியா அடுத்த வேலையப் பாரு" என்றார். மேஸ்திரியின் போனில் முழு மாதிரி திறக்கவில்லை. மேனேஜர் யோசிக்காமல் 'பார்க்க மட்டும்' கோப்பை அனுப்பிவிட்டார். மேஸ்திரி பார்த்ததைக் கட்டினார்.

குடிபோன அன்று மேனேஜரோடு நானும் போயிருந்தேன். முன்னால் உயரமான படிகள். பின்னால் கதவே இல்லை. பாய் வீட்டை மறுபடி மறுபடி சுற்றி வந்தார். "நீங்கதான பாய் போன்ல பாத்து ஓகே சொன்னீங்க? இப்ப வந்து பேஜாரு பண்றீங்களே" என்றார் மேனேஜர், கூசாமல். இப்போது விழுப்புரத்தில் வேறு வேலையில் இருக்கிறேன். அந்தக் குரலை நினைத்தால் ஓங்கி அறைய இன்றும் கை பரபரக்கிறது.

பாய் அம்மாவைத் தூக்கக் குனிந்தார். அந்த அம்மா நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்த பிடியை விடவில்லை.

"தூக்காதப்பா. இந்த வூட்லயாவது நானே போவேன், நானே வருவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன்."

பிறகு, வாடகை வீட்டுக்கே திரும்பச் சொல்லி ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார்.