அடிப்பலகைப் பெட்டியில் நுரை

1984 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால். மேகமில்லை. வாடை ஓய்கிற காலம்; பாய் நிரம்பும் அளவுக்குக் காற்று இருந்தது. தனங்கிளப்பில் மகள் வீட்டில் இரவு தங்கிவிட்டு, கொழும்புத்துறையிலுள்ள என் வீட்டுக்கு என் பாய்வள்ளத்தில் தனியே புறப்பட்டேன். வள்ளத்தைத் தள்ளிவிட்டவள் மகள். அதை வாங்கிப் பன்னிரண்டு நாள். விற்றவர் என் சம்பந்தி, அவளுடைய மாமனார்.

வள்ளத்தின் நடு அடியில் நீளமான ஒரு வெட்டு உண்டு. அதன்மேல் ஒடுங்கிய மரப்பெட்டி. காற்றில் வள்ளம் பக்கமாக ஒதுங்காதிருக்க, அதற்குள் ஏற்றி இறக்கும் அடிப்பலகை. எங்கள் கடல்நீரேரியில் முழங்காலளவு தண்ணீர்தான் பல இடங்களில். பலகையைத் தூக்கினால் தரை தட்டாது. வாரம் ஒருமுறை மகளைப் பார்க்கலாம் என்றே வாங்கினேன்.

பெட்டியடி முதல் நாளே கசிந்தது.

"பலகை ஊறினால் ஒழுக்குத் தன்ரை பாட்டிலை நிக்கும், வாத்தியார். கணக்குப் படிப்பிச்ச உங்களுக்கு மரத்தின்ரை கணக்குத் தெரியாது" என்று சம்பந்தி சிரித்தார். நம்பினேன்.

அந்த ஞாயிறு பாதிவழியில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. சிரட்டையால் அள்ளி ஊற்றினேன். நாற்பதாவது சிரட்டையில்தான் கவனித்தேன், தண்ணீர் நுரைத்தது.

கரையில் வள்ளத்தைச் சரித்து, பெட்டி அடியோடு சேரும் மூட்டு இடுக்கை ஆணியால் சுரண்டினேன். நீர் புகாமல் அடைக்கும் பஞ்சும் குங்கிலியமும் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் களி வந்தது. முகர்ந்து பார்த்தேன். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம். உள்ளே மரம் உக்கிப் பொடிந்திருந்தது. வெளியே புதுத் தார்.

சம்பந்தியோடு சண்டை பிடிக்க முடியாது. மகள் வாழ்வது அந்த வீட்டில். மறுநாள் பஸ்ஸில் போய், கிணற்றடியில் அவளிடம் மட்டும் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமோ, பிள்ளை?"

"ஓம் அப்பா. சவர்க்காரம் நான்தான் எடுத்துக் குடுத்தனான்."

"தெரிஞ்சுகொண்டோ நேற்றுத் தள்ளிவிட்டனீ?"

அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. "உங்களுக்கு நீந்தத் தெரியும். நான் இஞ்சை இருக்கவேணும்." பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள்.

குடிக்காமல் வந்தேன்.

பெட்டியடியில் உக்கிய பலகையை மாற்றுவித்தேன். எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தில் பஞ்சுத்திரியைத் தோய்த்து, மூட்டுக்குள் உளியால் இறுக்கினேன். வெட்டின் இருபுறமும் லொறி டியூப்பில் அறுத்த றப்பர்க் கீலங்களை அடித்தேன். ஒரு துளியும் கசியவில்லை. ஆனால் தனங்கிளப்புப் பக்கம் பாயைத் திருப்ப மனம் வரவில்லை.

விற்றேன். வாங்க வந்தவருக்கு ஒழுகிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அதனால் விலை இறங்கியது. வாங்கியது நாலாயிரத்து ஐந்நூறு, திருத்த வேலைக்கு முந்நூற்று எண்பத்தாறரை, விற்றது மூவாயிரத்து இருநூறு. எனக்குப் போனது ஆயிரத்து அறுநூற்று எண்பத்தாறு ரூபாய் ஐம்பது சதம்.