கீழ்வீட்டு ஃபிரிட்ஜில் என் வளையம்

குடியாத்தத்தில் எங்கள் வீட்டு மருந்து அடுத்த வீட்டுப் படியேறியதே இல்லை. இங்கே ஈஜிபுராவில் என் கருத்தடை வளையங்கள் வீட்டு ஓனர் அம்மாவின் ஃபிரிட்ஜில், மல்லிகைச் சரத்துக்கும் தோசை மாவுக்கும் நடுவே குடியிருந்தன. குளிர்ச்சியில் வைக்கச் சொன்னார் மருந்துக் கடைக்காரர். மாடியில் எங்களுக்கு ஃபிரிட்ஜ் கிடையாது. "ஆன்ட்டி, ஒந்து மெடிசின், ஃபிரிட்ஜல்லி இடலா?" என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். ஆன்ட்டி என் மூன்று வயது மகளைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். "சிந்தே மாடபேடம்மா, தேவரு கொட்தானெ" என்றார். கவலைப்படாதே, கடவுள் கொடுப்பார் என்று அர்த்தம். இரண்டாவது பிள்ளைக்கு வைத்தியம் என்று நினைத்துவிட்டார். வெட்கத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் எனக்காகப் பிரசாதம் வந்தது.

ஊரிலிருந்து மாமியாரும் போனில் அதையேதான் கேட்பார்: "விசேஷம் ஏதாச்சும் உண்டாம்மா?" நானோ மகள் பள்ளிக்குப் போய், என் வேலை நிரந்தரமாகும்வரை இன்னொரு பிள்ளை இல்லை என்று முடிவு செய்திருந்தேன். கால் சென்டரில் வாரத்துக்கொரு ஷிஃப்ட். தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை போடுவது நடக்கிற காரியமாக இல்லை. காப்பர்-டி வைத்துக்கொண்டு ரத்தப்போக்கில் துவண்டதும் உண்டு. அப்போதுதான் டாக்டரம்மா இந்த மெல்லிய வளையத்தைக் காட்டினார். நாமே யோனிக்குள் வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் உள்ளே, ஒரு வாரம் வெளியே, பிறகு புதியது. கொடுப்பதற்கு முன் போலீஸ்காரர் போல விசாரித்தார். ரத்த அழுத்தம் உண்டா, காலில் ரத்தம் கட்டியதா, புகை பிடிப்பீர்களா, பால் கொடுக்கிறீர்களா, கண்ணில் மின்னல் அடித்துத் தலைவலி வருமா? எனக்கு ஒன்றும் இல்லை. ஊரில் என் நாத்தனாருக்கு அந்த மின்னல் தலைவலி உண்டு; அப்படிப்பட்டவர்களுக்கு இது ஆகாது. "எனக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பு அண்ணி" என்றாள். கண்டிப்பாக மறுத்து, அங்கேயே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளட்டும்.

புது வளையம் வைக்கும் நாளை எங்கள் தினசரி காலண்டர் தாளில் சிவப்பு மையால் எழுதிவைப்பேன். அன்று காலை தாள் தானே எதிரில் வந்து நிற்கும். ஒரு மாதம், பழையதை எடுத்த கையோடு நாத்தனார் மகளின் காதுகுத்துக்கு ஊருக்குப் போனோம். ஐந்து நாள் என்று போனது எட்டாயிற்று. திரும்பி வந்ததும் என் கணவர் குமார், ஊரில் இல்லாத நாள்களின் தாள்களையெல்லாம் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்துக் குப்பையில் போட்டார். என் சிவப்பு மையும் அதோடு போயிற்று.

இரண்டு நாள் கழித்து ஆன்ட்டி படியில் மறித்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "உன் மருந்து அப்படியே இருக்கேம்மா, ஏன் எடுக்கல?" விரல்விட்டு எண்ணினேன். ஏழு நாள் தாண்டக் கூடாத இடைவெளி பத்தாகியிருந்தது. டாக்டரம்மாவிடம் ஓடினேன். கர்ப்பப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. உடனே புதியதை வைத்து, ஒரு வாரம் ஆணுறையும் போடச் சொன்னார். அடுத்த மாதவிலக்கு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது வந்த அன்றே கீழே போய் ஆன்ட்டியிடம் உண்மையைச் சொன்னேன். "ஆன்ட்டி, ஈக மகு பேட. அதக்கே இது." இப்போது குழந்தை வேண்டாம், அதற்குத்தான் இது. பிரசாதத் தட்டைக் கீழே வைத்தார். "நானு தினா தேவர கேள்தா இத்னல்லம்மா" என்றார். உனக்காகத் தினமும் சாமியிடம் கேட்டேனே என்ற ஆதங்கம். ஆனாலும் நான் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு அவரே ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தொங்கிய கன்னட மாதக் காலண்டரைக் காட்டினார். "இத யாரும் கிழிக்க மாட்டாங்க. தேதி சொல்லு." கேஸ் சிலிண்டர் வந்த நாளுக்குக் கீழே என் நாளை வட்டமிட்டார்.

அந்த நாள் காலையில் கீழிருந்து குரல் வந்தது: "ஏம்மா, இவத்து நின் தினா!" இன்று உன் நாள் என்று நினைவூட்டல். மாடிச் சுவரில் தமிழ்த் தாள் தொங்கியது. என் ராசிக்கு நேரே 'தாமதம்' என்று போட்டிருந்தது. அதைக் கிழித்துக் கசக்கிவிட்டுப் படியிறங்கினேன்.