அக்கா இல்லாத கிள்ளானில் எங்கே தங்குவது

அக்கா உயிரோடு இருந்தவரை, மலேசியா போனால் எங்கே தங்குவது என்று நான் யோசித்ததே இல்லை. விமான நிலையத்தில் அக்காவும் அத்தானும் காத்திருப்பார்கள். அங்கிருந்து நேரே கிள்ளான். ஊரின் தெற்கே ஒரு தாமான் குடியிருப்பில், ஒரே மாதிரி கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. சமையலறையை ஒட்டிய பின் அறையில் எனக்கென்று ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் இருக்கும். கோடை விடுமுறை விட்டதும் திருச்சியிலிருந்து கிளம்பிவிடுவேன். கோலாலம்பூருக்குள் போவதே அபூர்வம். இரட்டைக் கோபுரத்தை ஒரே ஒரு முறை, அதுவும் ஓடும் காரிலிருந்து பார்த்திருக்கிறேன். பாசாருக்குப் போய் மீன் வாங்கி வருவது, சாயங்காலம் கோயில், ராத்திரி அக்காவோடு ஊர்க்கதை. எனக்கு மலேசியா என்றால் அவ்வளவுதான்.

அக்காவுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டது. இரண்டு வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, போன வருஷம் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. அத்தான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கிள்ளானில்தான். அவர் தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து போன குடும்பம். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார்.

காரியத்தன்று நடந்த ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். அத்தானுக்கு ஒன்றுவிட்ட பெரியம்மா முறையாகும் ஒரு கிழவி, யாரிடமும் குறிப்பாகச் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னாள். "பிள்ளை குட்டி இல்ல. இவனும் இனிமே தனி. அதோ, அவ தங்கச்சியும் கல்யாணம் ஆகாம தனியாத்தான் இருக்கா. வெளியில போய்த் தேடணுமா என்ன?" அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தத் தலைமுறையில் அது நல்ல யோசனைதான். ஆனால் அத்தான் தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தார். தட்டை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் மறுநாளே டிக்கெட்டை மாற்றி ஊருக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூப்பிடுவார். மழை, கோயில், அவருடைய ரத்த அழுத்தம், இங்கே என் கல்லூரி வேலை என்று பேசுவோம். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

முதல் வருஷத் திதி நெருங்கியபோது, வந்துவிடும்மா, உன் ரூம் அப்படியே இருக்கிறது என்றார். வருகிறேன் என்று சொன்னேன். அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னபோது அவர் போ, ஆனால் அந்த வீட்டில் தங்காதே என்றார். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அண்ணன் எனக்கு உத்தரவு போடுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. அவர் சொன்னதைவிட, அவர் சொல்வதற்கு முன்பே நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது என்னை அதிகம் உறுத்தியது.

அப்படித்தான் முதன்முறையாக, கோலாலம்பூரில் எந்தப் பகுதியில் தங்கலாம் என்று இணையத்தில் தேட உட்கார்ந்தேன். கடைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பகுதி, குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு பகுதி, ராத்திரி ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு பகுதி என்று பிரித்துப் பிரித்துப் போட்டிருந்தார்கள். இறந்தவளுக்குத் திதி கொடுக்கப் போகிறவர்கள் எங்கே தங்க வேண்டும் என்று எதிலும் இல்லை. கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி புக்கிட் பிந்தாங்தான் வசதி, மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம் என்றாள். அங்கிருந்து கிள்ளான் ரொம்பத் தொலைவு. கிள்ளானிலேயே ஹோட்டலில் ரூம் போட்டால், நாலு தெரு தள்ளி அக்கா வீட்டை வைத்துக்கொண்டு எவளோ ஒருத்திபோல் தங்கியிருப்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் என்று முடிவு செய்தேன். கேஎல் சென்ட்ரல் பக்கத்திலேயே இருக்கிறது. கொமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளானில் போய் இறங்கலாம். ரயிலுக்குப் பக்கம் என்று சொல்லிக்கொள்ளவும் செய்யலாம்.

அத்தானிடம் அப்படியே சொன்னேன். "சரிம்மா. உனக்கு எது வசதியோ" என்றார்.

வரவேண்டாம், டாக்ஸியில் போய்க்கொள்கிறேன் என்று எழுதியிருந்தும் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். காரில் முன் இருக்கையில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. அது அக்காவின் இடம். பின் கதவைத் திறந்தேன். வழி முழுக்க முன் இருக்கை காலியாகவே வந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஹோட்டல். கீழே நடைபாதையில் பூமாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்வை இல்லாதவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கற்களின் மேல் ஒருவர் கோலைத் தட்டியபடி போனார். அத்தான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். கவுன்டரில் இருந்தவர், ரூமுக்கு விசிட்டர் போகக்கூடாது அங்கிள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். அத்தான் தலையாட்டினார். பெட்டியை என் பக்கத்தில் வைத்தார். கீழே போய், கொஞ்ச நேரத்தில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தார். "இங்க குழாத் தண்ணி குடிக்காதே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கார் உடனே கிளம்பவில்லை.

மறுநாள் ரயிலில் பெண்களுக்கான பெட்டியில் உட்கார்ந்து கிள்ளான் போனேன். பந்தாய் டாலாம், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. இத்தனை வருஷத்தில் இந்த ஊர்களை எல்லாம் பெயர்ப்பலகையில்கூட நான் படித்ததில்லை. நிலையத்தில் அத்தான் நின்றிருந்தார். "பசியாறிட்டியா?" என்று கேட்டார். காலையில் அங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். அக்காவும் கல்யாணமாகி அங்கே போன மூன்றாம் வருஷமே அப்படிக் கேட்கப் பழகிவிட்டாள்.

அன்றுதான் திதி. ஐயர் வந்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அத்தான் ஒருமுறைகூடக் கலங்கவில்லை. சாப்பாட்டுக்குச் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டு ஆன்டியும் வந்திருந்தார்கள். இலையில் உட்கார்ந்திருந்தபோது அத்தானின் சித்தி ஒருத்தி, எங்கே தங்கியிருக்கிறாய் என்று என்னைக் கேட்டாள். சொன்னேன்.

"ஹோட்டல்லயா? ஏன்லா, அவன் வீட்ல இடம் இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவள், பெண்டாட்டி போனதும் அவள் வழி ஆட்கள் வேண்டாம் என்று ஆகிவிட்டது போல என்றாள். குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. அத்தான் அப்போது அடுத்த இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். யாரும் பேசிவிடக்கூடாதென்று நான் செய்தது இப்படி அவர் தலையில் போய் விழுந்தது. அவர்தான் என்னைக் கூப்பிட்டார், நான்தான் மறுத்தேன் என்று அந்தப் பந்தியில் சொன்னேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு பாத்திரங்களைக் கழுவி வைத்தோம். அத்தான் ஒரு சின்னப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வீட்டுச் சாவியை மேஜை மேல் வைத்தார்.

"இது உன் அக்கா வீடு. நீ வந்தா தங்க வேண்டிய வீடு. நான் இருக்கறது இடைஞ்சல்னா, நான் கூட்டாளி வீட்ல படுத்துக்கறேன். தெலுக் பங்லிமா காராங்தான், பக்கம்."

வேண்டாம் அத்தான், கடைசி ரயில் வரைக்கும் நேரம் இருக்கிறது என்றேன். அவர் கேட்கவில்லை. கோபமும் இல்லை. கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு ஆன்டி கேட் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாக அவர் எங்கேயும் போய்த் தங்கினதில்லை தங்கச்சி என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த வீட்டில் தனியாக நான் இருந்ததே இல்லை. திதிக்கென்று கொண்டுவந்த மாற்றுச் சேலையை உடுத்திக்கொண்டு விளக்கேற்றினேன். காலையிலிருந்து கூட்டத்தில் கவனிக்காததெல்லாம் இப்போது தெரிந்தது. அக்காவும் அவரும் படுக்கும் அறை சாத்திக் கிடந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தேன். கட்டிலில் விரிப்பு கலையாமல், தலையணைகள் இரண்டும் சேர்த்து வைத்தபடி இருந்தன. கூடத்து சோபாவுக்குப் பின்னால் பாயும் ஒரு போர்வையும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. சமையலறையில் அக்கா வறுத்து அரைத்து வைத்த மல்லிப்பொடி டப்பாவிலேயே ஈரம் கோத்துக் கட்டியாகியிருந்தது. அதை அவர் எடுத்துப் போடவுமில்லை, எடுத்துச் சமைக்கவுமில்லை. இந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் தங்குவதற்கா இத்தனை யோசித்தேன் என்று நினைத்துக்கொண்டு, பின் அறையில் போய்ப் படுத்தேன். விரிப்பு புதிதாக மாற்றியிருந்தது.

காலையில் வாசலில் யாரோ "ம்மா, ம்மா" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. அத்தான் தன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, கையில் ஒரு பொட்டலத்தோடு நின்றிருந்தார். சாவி என்னிடம் இருந்தது. பால்காரரோ தபால்காரரோ நிற்பதுபோல், உள்ளே பார்க்காமல் தெருவைப் பார்த்து நின்றார்.

ஓடிப்போய்த் திறந்தேன். "தோசை வாங்கிட்டு வந்தேன். பசியாறலாம்" என்றார். உள்ளே வரத் தயங்கினார். நான் அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

"நீங்க இல்லாத வீட்ல நான் யாருக்காக வந்து தங்கறது, அத்தான்?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அன்னைக்குப் பெரியம்மா பேசினது எனக்கும் கேட்டுச்சு. நான் அப்படி ஒருநாளும் நினைச்சதில்லம்மா. நீ அதுக்காகத்தான் ஹோட்டல்ல ரூம் போட்டேன்னு தெரியும். கேட்க வாய் வரல."

"எனக்குத் தெரியும் அத்தான். உங்களைப் பத்தி எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்ல. ஊருக்குத்தான் பயந்தேன்."

"ஊரு ரெண்டு விதமாவும் பேசுது" என்றார். நான் அந்தப் பயணத்தில் முதல் தடவையாக அவர் லேசாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

பசியாறிவிட்டு இருவரும் பிரிக்பீல்ட்ஸ் போய் என் பெட்டியை எடுத்து வந்தோம். மிச்ச நாட்கள் நான் பின் அறையிலும் அவர் கூடத்திலுமாக இருந்தோம். அண்ணன் போனில் கேட்டபோது அக்கா வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தார். பிறகு சரியாகிவிட்டது. கிள்ளானில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆன்டி தினமும் ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், அத்தான் சாத்தியிருந்த அறையின் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "அலமாரியைத் திறக்கணும். கம்போங் மேடான்ல ஒரு ஃப்ளாட்ல இருக்கற ஏழைப் பொம்பளைங்களுக்குக் கோயில்ல சேலை சேர்க்கறாங்க. ரொம்ப நாளா கேக்கறாங்க. தனியா என்னால முடியல."

அவரே திறந்தார். பாச்சை உருண்டை வாசனைதான் முதலில் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில் மேல் வைத்தோம். திருச்சியில் எடுத்தவை எனக்குத் தெரிந்தன. இது அவள் கல்யாணத்துக்கு அம்மா எடுத்தது, இது நான் முதல் சம்பளத்தில் எடுத்தது என்று சொன்னேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கியவை அவருக்குத் தெரிந்தன. இந்த நீலத்தை மூன்று தீபாவளிக்குக் கட்டினாள், இதில் சாயம் போய்விட்டது என்று கடைக்காரனோடு சண்டை போட்டாள் என்றார். நான் அறியாத அக்காவை அவரும், அவர் அறியாத அக்காவை நானும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். நடுவில் இருவரும் அழுதோம். அதை மறைக்க வேண்டியிருக்கவில்லை.

அடியில் ஒரு பச்சை நூல் சேலை இருந்தது. கரையில் சின்னச் சின்ன அன்னம் போட்டது. நாலைந்து தடவை கட்டித் துவைத்திருந்த மடிப்பு. நான் எடுத்துக் கொடுத்ததில்லை. அவரும் வாங்கித் தந்ததில்லை. அவள் அதைக் கட்டி இருவருமே பார்த்ததில்லை. எங்கே வாங்கினாள், எப்போது கட்டினாள் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. அத்தான் அதை மடியில் வைத்துக்கொண்டு கரையைத் தடவிப் பார்த்தபடி இருந்தார்.

"இதைக் கொடுக்க வேணாம். நீ எடுத்துட்டுப் போ" என்றார்.

இருக்கட்டும் அத்தான், இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவர் அதை மறுபடி மடித்து, காலியான அலமாரியின் நடுத்தட்டில் வைத்தார். மற்ற சேலைகளை இரண்டு பைகளில் கட்டிக் காரில் ஏற்றினோம். கோயிலுக்குப் புறப்படும்போது அவர் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏறி உட்கார்ந்தேன்.