நான் உட்காராத சீட்

எனக்கு லைசென்ஸ் கிடைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அன்னூரிலிருந்து மில் ஆபீஸுக்குத் தினமும் காரில்தான் போய் வருகிறேன். லாரியும் டவுன் பஸ்ஸும் மேலே ஏறுகிற மாதிரி வரும் ரோட்டில், இதுவரை வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் லைசென்ஸ் உள்ள ஒரே ஆள் நான்தான். ஆனால் எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

போன வருடம் என் கணவர் நாற்பத்தாறு வயதில் கார் பழகக் கிளம்பினார். எல்.எல்.ஆருக்கு விண்ணப்பித்தது நான். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டியதும் நான். முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், "நீ எதுக்கு? அண்ணன் வாராரு" என்கிறார்.

ஊருக்கு வெளியே மனை பிரித்து, தார் ரோடு போட்டு, ஒரு வீடும் வராமல் கிடக்கும் சைட் ஒன்று உண்டு. இந்தப் பக்கம் கார் பழகுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் போவார்கள். பொண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து 'கிளட்சை மிதிங்க' என்று சொல்லிக் கொடுப்பதை நாலு பேர் பார்த்துவிட்டால் மானம் போய்விடுமே. விஷயம் அதுதான், வேறொரு மண்ணும் இல்லை.

அவருடைய அண்ணன் முப்பது வருடமாக டிராக்டர் ஓட்டுகிறவர். லைசென்ஸ் காலாவதியாகி ஏழெட்டு வருடம் ஆகிறது, புதுப்பிக்கவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "எல்.எல்.ஆர். வெச்சிருக்கறவங்க ஓட்டுனா, பக்கத்துல லைசென்ஸ் இருக்கறவங்கதான் ஒக்காரோணுமுங்க மாமா. அவசரம்னா வண்டிய நிறுத்தறாப்பல ஒக்காரோணும். சட்டமே அப்படித்தானுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நீ பள்ளிக்கூடம் போறப்பவே ஸ்டியரிங் புடிச்சவன் அம்மணி நானு."

ஆறு ஞாயிறு அப்படியே போனது. ஏழாவது ஞாயிறு, சைட்டை விட்டு மெயின் ரோட்டில் ஏறும்போது, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மேல் மோதிவிட்டார்கள். பிரேக் என்று நினைத்து என் கணவர் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாராம். அந்தப் பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வண்டியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். "உன்ற கிட்டத்தான் லைசென்ஸ் இருக்குதே அம்மணி. நாந்தான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. முடிஞ்சுது சோலி."

 ஆறு வாரம் நான் உட்காரக் கூடாத சீட்டாக இருந்தது அது. ஒருத்தியின் கால் முறிந்ததும் அதே சீட்டைத் துடைத்து என்னிடம் நீட்டுகிறார்கள். என்ன ஒரு பெருந்தன்மை! பழகுகிறவர் பக்கத்தில் உட்காருவது காற்று வாங்குவதற்கா? அவரைக் கவனிக்கும் பொறுப்பு உட்காருகிறவருடையது. அதைக் கைவிட்டவர் அண்ணன். கேஸில் ஏறப்போவது என் பேர். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அண்ணனுக்கு லைசென்ஸ் இல்லேன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸும் சிக்கலாயிரும். எனக்காக" என்றார் தரையிடமே.

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போகும் முன் தனியாக பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். காலில் கட்டோடு படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு பை சாத்துக்குடி. நான் யார் என்று சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"உங்க ஊட்டுக்காரரோட அண்ணனுங்க, நேத்தே வந்துட்டுப் போனாருங்க. நீங்கதான் வண்டிக்குள்ள இருந்தீங்கன்னு சொல்லச் சொன்னாரு. இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே வராதுன்னாரு. அப்படியே சொல்லிரட்டுங்களா?"

கால் உடைபட்டவள் என்னிடம் அனுமதி கேட்கிறாள். வெட்கத்தில் எனக்கு முகமெல்லாம் சூடேறியது.

"நீங்க என்ன பாத்தீங்களோ அதைச் சொல்லுங்க. இன்சூரன்ஸ் வராட்டி நாங்க குடுக்கோணும், அது எங்க பொறுப்பு. என்ன பாத்தீங்க?"

அவள் சற்று யோசித்தாள். "முன்னால ரெண்டு ஆம்பளைங்க இருந்தாங்க. ஓட்டுனவரு பயந்து போய் அந்தப் பெரியவரையே பாத்துட்டு இருந்தாரு. பெரியவரு குனிஞ்சு போன் பாத்துட்டு இருந்தாருங்க."

ஸ்டேஷனில் ரைட்டர் பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு, வண்டியில் பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்றிருந்தோம். அண்ணன் முந்திக்கொண்டார். "இவங்கதானுங்க. தம்பி சம்சாரம். லைசென்ஸ் எல்லாம் பக்காவா இருக்குது."

"இல்லீங்க" என்றேன்.  "நான் ஊட்டுல மாவாட்டிட்டு இருந்தேனுங்க. என்னை ஒரு ஞாயித்துக்கிழமைகூடக் கூட்டிட்டுப் போகலீங்க. இவரோட அண்ணன்தான் ஒக்காந்திருந்தாரு. போன் பாத்துட்டு இருந்தாருன்னு அடிபட்டவங்க சொல்றாங்க, அவங்களையே கேளுங்க."

"குடும்பத்தைக் காட்டிக் குடுத்துப்போட்டயே அம்மணி" என்றார் அண்ணன்.

ரைட்டர் என் கணவர் பக்கம் திரும்பினார். 

"அவ சொல்றது நெசந்தானுங்க" என்றார் அவர். "அவ வாரேன்னுதான் சொன்னா. நாந்தான் வேண்டாம்னேன். பொம்பள பக்கத்துல ஒக்காந்தா கேவலம்னு நெனச்சேன்."

ரைட்டர் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்தான் என் கணவர், உண்மையைச் சொல்லிவிட்டார் என்று இப்போதும் சொந்தக்காரர்கள் மெச்சுகிறார்கள். எனக்கு ஆறவில்லை. 'கேவலம்னு நெனச்சேன்' என்ற அந்த ஒரு வாக்கியம் அவர் வாயில் வருவதற்கு, யாரோ ஒருத்தி கால் முறிந்து கிடக்க வேண்டியிருந்தது.