ஊசி சிக்கிய சொல்

எங்கள் வீட்டில் இருந்த ஒரே இசைத்தட்டை நான்தான் உடைத்தேன். கை தவறி விழவில்லை. வாசற்படிக் கல்லின் விளிம்பில் ஓங்கி அடித்து, தெரிந்தே உடைத்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பிறந்த வீட்டில் சொல்வார்கள். புகுந்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். இரண்டு வீட்டாரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

அப்போது நாங்கள் தேவிகுளத்தில் இருந்தோம். தாலுகா ஆபீஸிலிருந்து கீழே இறங்கும் பாதையில், ஆபீஸ் சிப்பந்திகளின் வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அவர் அந்த ஆபீஸில் குமாஸ்தா. நான் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி மலையேறியவள். அவருடைய பூர்வீகமும் பாலக்காடுதான். ஆனால் அவர் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் படிப்பு, வளர்ப்பு எல்லாம் திருச்சியில். மலையாளம் அவருக்கு ஆபீஸில் சேர்ந்த பிறகு வந்தது. வரி, பட்டா, எல்லைத் தகராறு என்று கோப்பில் வருகிற வார்த்தைகள் அத்தனையும் அத்துப்படி. அடுக்களையில் புழங்குகிற வார்த்தைகள் தெரியாது. கோப்புகளில் யாரும் அழுவதில்லை அல்லவா? அழுகைக்கு மலையாளத்தில் என்ன சொல் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. இது எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று.

கல்பாத்தியில் நாங்கள் பேசுவது தமிழ்தான். ஆனால் அந்த ஊர் ஆற்றுத் தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்த தமிழ். எங்கள் வீட்டில் குழந்தை அழுதால் 'கரையாதே' என்பதுதான் முதலில் வாயில் வரும். மலையாளத்தில் கரைவது என்றால் அழுவது. சர்க்கரை பாலில் கரைவதும் எங்களுக்குத் தெரியும். எது எங்கே என்று குழப்பம் வந்ததே இல்லை. கல்யாணமான புதிதில், திருச்சியிலேயே பிறந்து வளர்ந்த மாமியார் முன்னால் இப்படி ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன். "இது என்ன பாஷைடி?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்டது. அன்றோடு சரி. அவர் காதில் விழும்படி எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசுவதில்லை என்று வைராக்கியம் வைத்தேன். அவர் எதிரில் திருச்சித் தமிழ். அவர் ஆபீஸுக்குப் போன பிறகு, எனக்கும் குழந்தைக்கும் நடுவில் கல்பாத்தித் தமிழ்.

குழந்தை பெண். இறக்கும்போது இரண்டரை வயது.

கிராமபோன் அவர் ஒருமுறை கோயமுத்தூர் போனபோது பழசாக வாங்கி வந்தது. அதோடு ஒரே ஒரு தட்டு இலவசமாக வந்தது. யார் யாரோ வைத்துத் தேய்த்த தட்டு. நடுவில் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்து போயிருந்ததால் என்ன பாட்டு, யார் பாடியது, எந்தப் படத்தில் வந்தது, ஒன்றும் தெரியாது. தமிழ்ப் பாட்டு, ஒரு பெண் பாடுகிறாள், அவ்வளவுதான். இரைச்சலுக்கு நடுவே பாதி வார்த்தைகள் காதில் ஏறாது. யாரையோ கூப்பிட்டு 'கரையாதே' என்று முடிப்பாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்பது அந்த இரைச்சலில் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கீறல் வேறு. ஊசி அங்கே வந்ததும் சிக்கிக்கொண்டு 'கரையாதே, கரையாதே' என்று திரும்பத் திரும்பச் சொல்லும். எழுந்து போய் விரலால் தள்ளிவிட வேண்டும்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் சாவி கொடுத்துத் தட்டைச் சுழலவிடுவார். குழந்தை ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்வாள். ஊசி அந்தச் சொல்லில் சிக்கியதும் திரும்பி உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கையாலும் அவர் கன்னத்தை அழுத்தி அழுத்தித் துடைப்பாள். அவர் சிரிப்பார். "இதென்ன விளையாட்டு? எனக்கு முகம் அலம்பி விடறியா?" என்று கேட்பார். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும் என்றே நினைத்தேன். எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிறவிக் கோளாறு.

ஆனி மாதக் கடைசியில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஜன்னி கண்டது. நான்காம் நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று வயது நிறையாத குழந்தையை எங்கள் வழக்கத்தில் எரிப்பதில்லை, மண்ணில்தான் வைப்பார்கள். பெண்கள் கூடப் போவதில்லை. கொட்டுகிற மழையில், ஒரு பழைய வேட்டியில் சுற்றி, அவரும் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேரும் எடுத்துப் போனார்கள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் அழுதுகொண்டே இருந்தேன். அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் அழுதேன். அவர் அழவில்லை. எட்டாம் நாள் ஆபீஸிலிருந்து வந்தார், கால் அலம்பினார், கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். நான் அடுக்களையில் விம்மிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அந்தப் பெண் 'கரையாதே' என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லத் துப்பில்லை, தட்டை வைத்து எனக்கு உத்தரவு போடுகிறாரே என்று. அழாதே. உன் அழுகை சகிக்கவில்லை, நிறுத்து. அப்படித்தான் என் காதில் விழுந்தது. மறுநாளும் வைத்தார். அதற்கு மறுநாளும். மழை வலுத்த நாட்களில் இரண்டு மூன்று தடவை வைத்தார். சரி, உனக்கு அதுதானே வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தினேன். ஈர விறகு புகைந்தால் அடுப்படியில் கொஞ்சம் அழுதுகொள்வேன். புகை என்று சொல்லிக்கொள்ளலாம். கூடத்துக்கு வரும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. எங்களுக்குள் பேச்சும் குறைந்து, காபி, சாதம், குடை என்று ஆகிவிட்டது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே எதிர் மலை தெரியாத மழை. ஊசி வழக்கம்போலச் சிக்கிக்கொண்டது. அவர் எழுந்து தள்ளிவிடவில்லை. மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கரையாதே, கரையாதே, கரையாதே. எத்தனை தடவை என்று தெரியாது. நான் விடுவிடென்று வந்து, சுழன்றுகொண்டிருந்த தட்டைப் பிடுங்கி, வாசலுக்குப் போய் உடைத்தேன். "இனிமே கரைய மாட்டேன், போருமா?" என்று கத்தினேன். அவர் என்னையும் படியையும் பார்த்தார். பிறகு குனிந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் சண்டை போட்டிருக்கலாம்.

அந்தக் காலத்தில் அந்தத் தாலுகா தமிழோடு சேருமா மலையாளத்தோடு சேருமா என்று ஊரெல்லாம் ஒரே வாக்குவாதம். கூட்டம், கோஷம், ஆபீஸ் வாசலில் போலீஸ். எங்கள் வீட்டில் அதே வழக்கு ஒரு சொல்லை வைத்து நடந்துகொண்டிருந்தது. வாதியும் பிரதிவாதியும் வாயைத் திறக்காததால் விசாரணைக்கு வரவில்லை.

எங்களுக்குப் பால் கொண்டுவருகிறவள் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வருவாள். கொழுந்து பறித்து முடித்துவிட்டு, சாயங்காலம் தன் மாட்டைக் கறந்து எடுத்துவருவாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவள் அப்பன் காலத்தில் வந்த குடும்பம். புருஷன் இல்லை. ஒரே மகன் மாட்டுப்பட்டியில் அணை கட்டும் வேலைக்குப் போனவன். அணை முடிந்ததும் காண்ட்ராக்டரோடு வேறெங்கோ போய்விட்டான். கடுதாசி இல்லை. தட்டு உடைவதற்கு முன்பெல்லாம் பால் ஊற்றிவிட்டு அவள் உடனே கிளம்பமாட்டாள். வேலியோரம் நின்று பாட்டு முடிந்த பிறகுதான் போவாள்.

ஐப்பசியில் ஒருநாள் அவள் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, இப்பல்லாம் அந்தக் காக்காப் பாட்டு வைக்கதே இல்லையே?"

"காக்காப் பாட்டா? நம்மாத்துல ஏது காக்காப் பாட்டு?"

"கரையாதே கரையாதேன்னு வருமில்லம்மா. அதைத்தான் சொல்லுதேன். விடிஞ்சாப் போதும், லயத்துக் கூரையில வந்து உக்காந்துக்கிட்டு ஒரு காக்கா கரையுது. ஆளு வருதுன்னு அர்த்தமாம். நானும் தெனம் ஒரு பிடி அரிசி கூடப் போட்டு ஆக்குதேன். எங்க வந்தான்? அந்தப் பாட்டுக்காரி யாரோ, அவளுக்கும் புள்ள வரல போல. சும்மா கரைஞ்சு ஆசை காட்டாதேன்னு காக்காட்ட சொல்லுதா. கேட்டா மனசுக்கு எதமா இருக்கும்மா."

பாலை வாங்கிக்கொண்டேன். உள்ளே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதத்துக்கு மேலாகி முதல் சிரிப்பு. அவர் கூடத்தில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கேட்டேளா? பால்காரிக்கு நம்ம பாட்டு காக்காப் பாட்டாம். காக்காயைப் பார்த்துக் கத்தாதேன்னு சொல்றதாம்."

அவரும் லேசாகச் சிரித்தார். "பாவம். அவ சொல்றதும் சரிதான். காக்கா கரையறதுன்னு சொல்றது உண்டே. எனக்குத் தோணவே இல்லை."

"பின்னே உங்களுக்குத் தோணினதைத்தான் தினம் தினம் எனக்கு வச்சுக் காட்டினேளே."

"உனக்கா?"

"எனக்கில்லாம யாருக்காக்கும்? நான் அழக்கூடாது. அதுதானே? கரையாதே, கரையாதேன்னு."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். நிஜமாகவே புரியாத முகம். "இதுல அழறது எங்கேயிருந்து வந்தது?"

"கரையாதேன்னா அழாதேன்னுதானே அர்த்தம். எங்காத்துல அப்படியாக்கும் சொல்லுவோம்."

"எனக்கு எப்படித் தெரியும்? தட்டை உடைச்ச அன்னிக்கு நீ கத்தினதும் எனக்குப் புரியலை. அதுக்கு முன்னாடி நீ என்கிட்டே ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையே." செருப்பைக் கையில் எடுத்தார். பிறகு அதனிடம் பேசுகிற மாதிரி சொன்னார்: "நான் ஆபீஸ் போற வழியிலதான் அந்த இடம். குழந்தையை வச்ச இடம். சரிவு. அந்த மழையில ஒவ்வொரு நாளும் மண்ணு கொஞ்சம் கொஞ்சமா இறங்கிண்டே வந்தது. கல்லு பொறுக்கிப் பொறுக்கிச் சுத்தி வைப்பேன். சாயங்காலம் வந்து பார்த்தா இன்னும் கொஞ்சம் போயிருக்கும். மண்ணு கரைஞ்சு போயிடக் கூடாதேன்னு... வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. அதனாலதான் அதை வச்சிண்டிருந்தேன்."

தட்டை உடைத்த சத்தம் மறுபடி காதில் கேட்டது. மழை வலுத்த நாட்களில் ஏன் இரண்டு மூன்று தடவை வைத்தார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. என் வாயைப் பற்றி ஊரே பேசும்; கேட்க வேண்டிய நேரத்தில் அந்த வாய் கேட்கவில்லை. என் மேலேயே எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்தது.

அவர் கேட்டார்: "குழந்தைகிட்டே நீ அப்படித்தான் பேசுவியா? கரையாதேன்னு?"

"ஆமாம். நீங்க இல்லாத நேரத்துல."

"அவ அழறபோது?"

"அழறபோது கன்னத்தைத் துடைச்சுவிட்டுச் சொல்லுவேன்."

அவர் தலையை நிமிர்த்தினார். நான் ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது. தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முகம் அலம்பி விடுகிற விளையாட்டு என்று அவர் சிரித்துக்கொண்டிருந்தது அவருக்கு இப்போதுதான் வேறாகத் தெரிந்தது. அவள் அப்பாவை அழவேண்டாம் என்றிருக்கிறாள். அழாத மனுஷனுக்கு, தினமும், அந்தச் சொல் வந்தபோதெல்லாம்.

அன்றைக்குத்தான் அவர் அழுதார். சத்தமாக, தோள் குலுங்க, ஆணி டப்பாவைத் தட்டிவிட்டு அழுதார். என் கைகள் அவர் கன்னம்வரை போய் நின்றுவிட்டன. அது அவள் செய்தது. நான் செய்யக்கூடாது என்று தோன்றியது. "அழுங்கோ" என்றேன். இரண்டு பொருள் இல்லாத சொல்லாகப் பார்த்துச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவர் ஆபீஸ் கிளம்பும்போது நானும் செருப்பைப் போட்டுக்கொண்டேன். வழக்கமில்லாத வழக்கம், யாரும் தடுக்கவில்லை. பாதை திரும்புகிற இடத்தில் இறங்கி, புல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தோம். அவர் நின்றார். மேடு என்று ஒன்றும் இல்லை. மண் எல்லாம் மழையோடு போய், தரை சரிவோடு சரிவாக ஆகியிருந்தது. அவர் வைத்த கற்கள் மட்டும், ஒரு குழந்தை கையைக் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு வட்டமாக இருந்தன.

நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் பக்கத்தில் நின்றார். அழாதே என்று சொல்லவில்லை. அவர் ஒருநாளும் சொன்னதில்லை.